யாரோ உள்ளே இருக்கிறார்கள்

என் வேலை என்னவென்று யாராவது கேட்டால் அம்மா சொல்லும் பதில் ஒன்றுதான்: "பிள்ளை கொம்பியூட்டரிலை." அதில் பொய் இல்லை. ஆனால் அதைக் கேட்டவர்கள் அடுத்த கிழமையே தங்கள் போனையும் பிரின்டரையும் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். உங்களில் பலருக்கு இது பழகிய கதையாக இருக்கும். நான் உண்மையில் பார்ப்பது லினக்ஸ் சேர்வர்கள். பிரின்டரைப் பற்றி எனக்கு உங்களைவிட ஒன்றும் அதிகம் தெரியாது.

அதனால் போன மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை மாமா அழைத்தபோது, எடுக்காமல் விடலாமா என்றுதான் முதலில் யோசித்தேன்.

"பிள்ளை, கசெற் எல்லாம் விக்கி விக்கிக் கதைக்குது. ஒருக்கா வந்து பாக்கிறியே?"

இந்த மாமா அம்மாவின் சகோதரர் இல்லை. அப்பாவோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர். இங்கே ஸ்காபரோவில் எங்கள் ஊர்ச்சங்கத்தின் செயலாளர். கசெற் என்று அவர் சொன்னதும் நான் எழும்பிச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டேன். ஏனென்று சொல்ல வேண்டும்.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஊரில் பெரும்பாலான வீடுகளில் தொலைபேசி இல்லை. கடிதம் எழுத நேரமில்லாதவர்கள், எழுதத் தெரியாதவர்கள், எழுதி மனம் ஆறாதவர்கள் எல்லாரும் கசெற்றில் பேசி அனுப்பினார்கள். கொழும்புக்கு யாராவது போனால் அவர் கையில் கொடுத்துவிடுவார்கள், அங்கிருந்து அது தபாலில் வரும். எங்கள் வீட்டிலும் இரண்டு இருந்தன. அம்மம்மா பேசுகிறார், பின்னால் சேவல் கூவுகிறது. என்ன சொல்கிறார் என்று எனக்குச் சின்ன வயதில் பாதிதான் விளங்கும். சேவல் நன்றாக விளங்கும்.

சங்கம் இப்படிப்பட்ட கசெற்றுகளை வீடு வீடாகக் கேட்டு வாங்கி, டிஜிட்டலாக மாற்றி, திருப்பிக் கொடுக்கிறது. முந்நூறுக்கு மேல் முடிந்துவிட்டது. நல்ல தரத்தில், 96 கிலோஹேர்ட்ஸ், 24 பிட்டில் எடுக்கிறார்கள். அந்தத் தரத்தில் ஒரு நிமிடக் குரல் ஏறத்தாழ 35 மெகாபைட். ஒரு தொண்ணூறு நிமிடக் கசெற் 3 ஜிகாபைட்டைத் தாண்டும். எல்லாம் சங்கத்தின் நிலக்கீழ் அறையில் ஒரு பழைய சேர்வரில், ஒரு 4 டெராபைட் டிஸ்கில் இருக்கிறது. எனக்கு முன்னே ஒரு அண்ணா இதையெல்லாம் அமைத்துவிட்டு, வேலை கிடைத்து கல்கரிக்குப் போய்விட்டார். போகும்போது ஒரு பக்கக் குறிப்பு எழுதி, அதை சேர்வரின் மேலேயே டேப்பால் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். அவருக்கு நன்றி. அந்தத் தாள் இந்தக் கதையில் திரும்பி வரும்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஏழு மணி. மாமா பிளேன்ரீயும் மட்டன் றோல்ஸும் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

முதலில் சேர்வரின் பதிவுகளைப் பார்த்தேன். வாசிப்புப் பிழை, வாசிப்புப் பிழை, வாசிப்புப் பிழை. டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே எழுதி வைக்கும் ஒரு குறிப்பு உண்டு, ஸ்மார்ட் என்று பெயர். அதில் "இந்த இடங்களை என்னால் வாசிக்க முடியவில்லை" என்று டிஸ்க் ஒத்துக்கொள்ளும் எண்ணிக்கை நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறியது. டிஸ்க் சாகிறது. இன்று இரவோ அடுத்த மாதமோ, யாராலும் சொல்ல முடியாது.

"மாமா, இதுக்குப் பக்கப் இருக்குத்தானே?"

"ஓமோம். பக்கப் எண்டு ஒரு ஃபோல்டரே இருக்கு. ஒவ்வொரு ஞாயிறும் தானா கொப்பி ஆகும்."

இருந்தது. அதே டிஸ்கில்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அறைச் சுவரில் எரிந்த யாழ்ப்பாண நூலகத்தின் படம் ஒன்று சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்கள் ஓரிரவில் போயின என்று சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் நீங்களும் படித்திருப்பீர்கள். அந்தப் படத்துக்கு நேர் கீழேதான் இந்த ஒற்றை டிஸ்க் ஓடிக்கொண்டிருந்தது. மாமாவும் என் பார்வை போன இடத்தைப் பார்த்தார். பிறகு றோல்ஸ் தட்டை என் பக்கம் தள்ளினார்.

செய்ய வேண்டியது எனக்குத் தெரியும். என் பையில் புதிய டிஸ்க் ஒன்று இருந்தது. பழையதை அப்படியே, முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை, புதியதில் பிரதி எடுக்க வேண்டும். டிடிரெஸ்க்யூ என்ற நிரல் இதற்கென்றே எழுதப்பட்டது. நல்ல இடங்களை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களைத் தாண்டிப்போய், கடைசியில் திரும்பி வந்து அவற்றோடு மல்லுக்கட்டும். ஆனால் அதற்கு முன்னால் டிஸ்கை அன்மவுண்ட் செய்ய வேண்டும்.

விண்டோஸ் பாவிக்கிறவர்களுக்கு ஒரு சொல். லினக்ஸில் ஒவ்வொரு டிஸ்குக்கும் தனி எழுத்து கிடையாது. டிஸ்கை ஒரு ஃபோல்டரின் மேல் பொருத்துவோம், அதற்குப் பெயர் மவுண்ட். கழற்றுவது அன்மவுண்ட். (கட்டளையை எழுதும்போது மட்டும் நடுவில் "என்" வராது, யுமவுண்ட் என்றுதான் எழுத வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் தினமும் அதைப் பிழையாக எழுதினேன்.) கழற்றாமல் பிரதி எடுத்தால் என்ன? நீங்கள் ஒரு பக்கத்தைப் படம் எடுக்கும்போதே இன்னொருவர் அதில் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று வையுங்கள். படத்தில் மேல் பாதி பழையது, கீழ்ப் பாதி புதியது. பார்க்க முழுப் பக்கம் போலவே இருக்கும்.

கட்டளையைக் கொடுத்தேன். பதில் வந்தது: "டார்கெட் இஸ் பிஸி."

இந்த மூன்று சொல்லைப் பார்த்து எரிச்சல் வராத லினக்ஸ்காரர் இல்லை. ஆனால் அது ஒரு தகவல். ஹோல் பூட்ட வந்த காவலாளி "உள்ளுக்கை ஆரோ இருக்கினம், பூட்டேலாது" என்று சொல்வது போன்றது. யார் என்று அவர் சொல்ல மாட்டார். நாங்கள்தான் தேட வேண்டும். எப்படித் தேடுவது? எங்கள் வீடுகளில் எப்படித் தேடுவோமோ அப்படித்தான். வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்து.

அதற்கு இரண்டு கட்டளைகள் உண்டு. எல்எஸ்ஓஎஃப், எந்த நிரல் எந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறது என்று பட்டியல் தரும். ஃபியூசர், ஒரு டிஸ்கை யார் யார் பிடித்திருக்கிறார்கள் என்று சொல்லும். ஃபியூசரைக் கேட்டேன். முதல் பெயர் என்னுடையது.

ஆம். நான் அந்த ஃபோல்டருக்குள் நின்றுகொண்டே அதைக் கழற்றப் பார்த்திருக்கிறேன். கோப்பு எதையும் திறக்கத் தேவையில்லை, உங்கள் டெர்மினல் அந்த ஃபோல்டருக்குள் நின்றாலே போதும், பிஸிதான். மரக்கொப்பில் இருந்துகொண்டு அதை வெட்டுகிற கதை. வெளியே வந்தேன். மாமாவுக்குச் சொல்லவில்லை.

மறுபடி கட்டளை. மறுபடி பிஸி.

இரண்டாவது செருப்பு சம்பாவுடையது. விண்டோஸ் கணினிகள் இந்த சேர்வரோடு பேசுவது அதன் வழியாகத்தான். எந்தக் கணினி, எந்தக் கோப்பு என்று சம்பாவிடமே கேட்கலாம். பக்கத்து அறையில் கசெற் பிளேயரோடு இணைத்திருக்கும் கணினி அது. போய்ப் பார்த்தால், திரை அணைந்திருக்கிறது, உள்ளே ஒலிப்பதிவு மென்பொருள் திறந்தபடி. அன்று பின்னேரம் ஒரு தங்கச்சி வந்து எடுத்த கசெற். தலைப்பில் ஒரு சின்ன நட்சத்திரக் குறி, சேமிக்கவில்லை என்று அர்த்தம்.

அவளுக்கு அழைத்தேன். "ஐயோ அக்கா, பஸ்ஸைப் பிடிக்கோணும் எண்டு ஓடிட்டன்!" என்றாள். பரவாயில்லை. சாகும் டிஸ்கில் சேமிக்காமல் அந்தக் கணினியிலேயே சேமித்து, மென்பொருளை மூடினேன். கசெற் பிளேயரைத் திறந்து பார்த்தபோதுதான் நெஞ்சு கொஞ்சம் திக்கென்றது. நாடா நடுவில் அறுந்திருந்தது. அவள் பதிவு எடுத்து முடித்த பிறகு திருப்பிச் சுற்றும்போது அறுந்திருக்க வேண்டும். நாடாவை ஒட்டலாம், ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த நட்சத்திரக் குறியோடு நின்ற பதிவுதான் அன்று கையில் இருந்தது.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், ஃபியூசருக்கு இன்னொரு முகம் இருக்கிறது. ஒரு எழுத்துக் கூடச் சேர்த்தால், டிஸ்கைப் பிடித்திருக்கும் அத்தனை நிரல்களையும் கொன்றுவிடும். இணையத்தில் எங்கே தேடினாலும் முதலில் கிடைக்கும் அறிவுரை அதுதான். அதில் இன்னொரு பொறியும் உண்டு. அந்த ஃபோல்டரில் டிஸ்க் ஏற்கெனவே கழன்றுவிட்டிருந்தால், அது கீழே இருக்கும் முழு சேர்வரின் டிஸ்கையும் இலக்கு என்று எடுத்துக்கொள்ளும். எல்லாரையும் கொல்லும், உங்களையும் சேர்த்து. கொல்லும் கட்டளையை நான் எப்போதும் பாவிப்பதில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். முதலில் பட்டியலைப் பார்க்காமல் பாவிப்பதில்லை.

இப்போது பட்டியல் வெறுமை. எல்எஸ்ஓஎஃப் ஒன்றும் சொல்லவில்லை. ஃபியூசரும் கையை விரித்தது. வாசலில் ஒரு செருப்பும் இல்லை.

கட்டளை. பிஸி.

மணி ஒன்பதரை. ஸ்மார்ட் எண்ணிக்கை இன்னும் ஏறியிருந்தது. அப்படியென்றால் யாரோ இன்னும் டிஸ்கை வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். சாகும் டிஸ்கை வாசிக்க வாசிக்க அது மேலும் சாகும்.

"ஓஃப் பண்ணிப்போட்டு ஓன் பண்ணினால் என்ன பிள்ளை?" என்றார் மாமா.

நியாயமான கேள்விதான். உலகத்தில் பாதிப் பழுதுகள் அப்படித்தான் தீர்கின்றன. ஆனால் வருடக்கணக்காக நிற்காமல் சுழன்ற பழைய டிஸ்க், ஒருமுறை நின்றால் திரும்பச் சுழலாமலே போகலாம். சுழன்றுகொண்டிருக்கும்வரை அதை நிறுத்த எனக்குத் துணிவில்லை.

இன்னொரு குறுக்குவழி இருந்தது, அதுதான் என்னை உண்மையில் இழுத்தது. சோம்பல் அன்மவுண்ட் என்று சொல்லலாம். யுமவுண்ட் கட்டளையோடு எல் என்ற எழுத்தைச் சேர்த்தால், பிஸி என்று மறுக்காது. உடனே சரி என்று சொல்லிவிடும். ஃபோல்டர் வெறுமையாகிவிடும். பார்க்கிறவருக்கு டிஸ்க் கழன்றதுபோல இருக்கும். உண்மையில் பெயர்ப்பலகை மட்டும்தான் கழன்றிருக்கும். உள்ளே இருந்தவர் உள்ளேயே இருப்பார், வாசிப்பார், எழுதுவார், அவர் தானாக வெளியேறும்வரை.

என் முதல் வேலையில் நான் அதைச் செய்திருக்கிறேன். இரவு, அவசரம், பிஸி, சோம்பல் அன்மவுண்ட். பிறகு டிஸ்கைப் பிரதி எடுத்து, பழையதைக் கழற்றி, நல்ல பிள்ளையாக வீட்டுக்குப் போய் நித்திரை கொண்டேன். ஒரு தரவுத்தளம் அந்த நேரம் முழுக்க உள்ளே இருந்து எழுதிக்கொண்டிருந்தது. இரண்டு கிழமை கழித்து அந்தப் பிரதி தேவைப்பட்டபோது திறந்தால், மேல் பாதி பழையது, கீழ்ப் பாதி புதியது. என் மேலாளர் சத்தம் போடவில்லை. "யார் பிடித்திருந்தது என்று பார்த்தாயா?" என்று மட்டும் கேட்டார். பார்க்கவில்லை. அந்த இல்லை என்ற பதிலைச் சொல்ல எனக்கு எடுத்த நேரம் இன்னும் நினைவிருக்கிறது.

ஆகவே எல் வேண்டாம். யோசிக்கலாம்.

செருப்பு இல்லாமல் உள்ளே இருக்கக்கூடியவர் யார்? வீட்டுக்காரர். லினக்ஸில் வீட்டுக்காரர் என்றால் கேர்னல், எல்லா நிரலுக்கும் அடியில் இருக்கும் கரு. எல்எஸ்ஓஎஃப்பும் ஃபியூசரும் நிரல்களைத்தான் எண்ணும். கேர்னல் தானே ஒரு டிஸ்கைப் பிடித்திருந்தால் வழக்கமாக அந்தப் பட்டியலில் வராது. இது நடக்கக்கூடிய வழிகள் சிலதான், ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இந்த டிஸ்கின் உள்ளே ஒரு ஃபோல்டரில் இன்னொரு டிஸ்க் மவுண்ட் ஆகியிருக்கிறதா? இல்லை. நினைவகம் போதாமல் இதில் யாராவது ஸ்வாப் கோப்பு வைத்தார்களா? இல்லை. ஒரு கோப்பையே டிஸ்க் போல லூப்பில் போட்டிருக்கிறார்களா? அதுவும் இல்லை.

பிறகு ஓடிக்கொண்டிருக்கும் எல்லாவற்றையும் பட்டியலிட்டு, டி என்ற எழுத்துப் போட்டவற்றை மட்டும் பார்த்தேன். டி என்றால் டிஸ்குக்காகக் காத்திருக்கிறது, தட்டி எழுப்ப முடியாது என்று பொருள். அந்த நிலையில் இருப்பதை எந்தக் கொலைக் கட்டளையாலும் உடனே கொல்ல முடியாது. இரண்டு வரி வந்தது. இரண்டிலும் பெயர் சதுர அடைப்புக்குள், அதாவது கேர்னலின் சொந்த ஆட்கள். பெயர் என்எஃப்எஸ்டி.

என்எஃப்எஸ் என்பது ஒரு சேர்வரின் ஃபோல்டரை வலையமைப்பு வழியாக இன்னொரு பெட்டிக்குப் பகிரும் பழைய முறை. யுனிக்ஸ் உலகத்தில் எண்பதுகளிலிருந்து இருக்கிறது, அந்தக் கசெற்றுகளின் வயதுதான். லினக்ஸில் அதை வழக்கமாகக் கேர்னலே நடத்துகிறது. அதனால்தான் செருப்பு இல்லை. அதன் கதவு எண் 2049. அந்தக் கதவில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தேன். இதே கட்டடத்தின் வலையமைப்பில் ஒரு முகவரி, இணைப்பு உயிரோடு.

"மாமா, இந்த சேர்வரிலை இருந்து வேறை எங்கையாவது ஏதாவது கேக்கிறனீங்களோ?"

"நாங்கள் எங்கை கேக்கிறது? நான் ஒருத்தரையும் உள்ளுக்கை விடேல்லை."

சேர்வரின் மேல் ஒட்டியிருந்த தாளை அப்போதுதான் ஒழுங்காக வாசித்தேன். கல்கரி அண்ணாவின் எழுத்து, அடியிலிருந்து மூன்றாவது வரி. அந்த முகவரி, பக்கத்தில் "ஹோல் ரீவி பெட்டி".

மேலே போனோம். புதன்கிழமைகளில் முதியோர் கூடும் ஹோல் அது. கதிரைகள் அடுக்கியிருந்தன, விளக்கு இல்லை, ஹீட்டர் குறைத்து வைத்திருந்ததால் குளிர். சுவரில் ஒரு பெரிய ரீவி, திரை கறுப்பு. அதன் பின்னால் உள்ளங்கை அளவில் ஒரு சின்னப் பெட்டி, அதில் ஒரு நீல வெளிச்சம். ரீவியைப் போட்டேன். ஒரு கோப்பின் பெயர், அடியில் நேரக் கோடு, பக்கத்தில் வட்டமாகச் சுற்றும் அம்புக்குறி. திரும்பத் திரும்பப் போடு என்று அர்த்தம். சத்தம் பூச்சியத்தில் இருந்தது. நேரக் கோடு நகர்ந்தது, ஓரிடத்தில் நின்றது, நெடுநேரம் நின்றது, பிறகு தாண்டிப்போனது.

மாமாவுக்கு உடனே நினைவு வந்துவிட்டது. புதன்கிழமை ஒரு அம்மா தன் தம்பியின் கசெற்றைப் போடச் சொல்லிக் கேட்டாராம். தம்பி இப்போது இல்லை. போட்டார்கள். நடுவில் விக்கத் தொடங்கியது. அவர் முகம் மாறியதைப் பார்த்து யாரோ ஓடிப்போய்ச் சத்தத்தைக் குறைத்துவிட்டார்கள். பிறகு தேத்தண்ணி வந்தது, கதை வேறு பக்கம் போனது, கடைசியில் ரீவியை அணைத்துவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். பெட்டியை யாரும் நிறுத்தவில்லை. அது ரீவிக்குப் பின்னால் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது.

புதன் பின்னேரத்திலிருந்து வெள்ளி இரவு வரை, அந்த இருட்டு ஹோலில் அந்தத் தம்பி பேசிக்கொண்டே இருந்திருக்கிறார். முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து. டிஸ்கின் கெட்ட இடம் அவருடைய கோப்பின் நடுவில். ஒவ்வொரு சுற்றிலும் பெட்டி அந்த இடத்தைக் கேட்டிருக்கிறது, டிஸ்க் திணறியிருக்கிறது.

மாமா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார். ஆண் குரல், இளம் வயது. பனங்கிழங்கு அனுப்பினது கிடைத்ததா என்று கேட்டது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, நான்தான் "மாமா, டிஸ்க்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு ரிமோட்டை என்னிடம் தந்தார். நிறுத்தினேன். நிறுத்த வேண்டியது என் வேலை, ஆனாலும் அந்தப் பொத்தானை அழுத்துவது ஒரு மாதிரி இருந்தது.

கீழே வந்து என்எஃப்எஸ் பகிர்வை விலக்கினேன். டி போட்ட இரண்டு வரியும் மறைவதற்கு இரண்டு மூன்று நிமிடம் எடுத்தது. கட்டளையைக் கொடுத்தேன். இந்த முறை ஒரு பதிலும் வரவில்லை. லினக்ஸில் வேலை நடந்தால் அது ஒன்றும் சொல்லாது. மாமா திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். "என்னவாம்?" என்றார். "கழண்டிட்டுது மாமா" என்றேன்.

டிடிரெஸ்க்யூவைத் தொடக்கிவிட்டு வீட்டுக்குப் போனேன். நித்திரை வரவில்லை, போனில் இருந்து நாலு தரம் எட்டிப் பார்த்தேன். முதல் சுற்று முடியக் காலை எட்டு மணி. கெட்ட இடங்களோடு மல்லுக்கட்டு ஞாயிறு மத்தியானம் வரை போனது. 4 டெராபைட்டில் கடைசிவரை வராமல் போனது 50 மெகாபைட்டுக்கும் குறைவு. அதில் கொஞ்சம் ஒன்றுமே எழுதப்படாத வெற்றிடம். மீதி, எங்கள் கணக்கில் ஏறத்தாழ ஒரு நிமிடக் குரல், முழுக்க அந்த ஒரே கோப்பில்.

கசெற்றைத் திரும்ப எடுக்கலாமே என்று நினைப்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன். அந்த அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தாயிற்று, அவர் வீடு மாறும்போது பெட்டியோடு தொலைந்துவிட்டதாம்.

அப்போதுதான் எனக்கு அந்தப் பக்கப் ஃபோல்டர் நினைவுக்கு வந்தது. அதே டிஸ்கில் இருந்ததால் நான் மனதுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டிய அதே ஃபோல்டர். டிஸ்கின் வேறொரு மூலையில் இருந்த அந்தப் பிரதியில், தம்பியின் கோப்பு முதலிலிருந்து கடைசிவரை சுத்தமாக இருந்தது. மாமா இதைக் கேட்டதும் ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள், அதை இன்னும் ஆறு மாதத்துக்குத் தாங்க வேண்டும். நான் ஒன்றும் பின்வாங்கவில்லை. அதிர்ஷ்டத்துக்குப் பக்கப் என்று பெயர் வைக்க முடியாது என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். இப்போது ஒரு பிரதி புதிய டிஸ்கில், இன்னொன்று எங்கள் வீட்டில், மூன்றாவது கல்கரியில் அந்த அண்ணாவிடம். ஞாயிறு இரவுகளில் தானாகப் போகிறது. போனதா என்று திங்கட்கிழமை நான் பார்க்கிறேன்.

இரண்டு கிழமை கழித்து ஒரு புதன்கிழமை வேலை முடிந்து சங்கத்துக்குப் போனேன். ஹோல் ரீவிக்குக் கீழே மாமாவின் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: "கேட்டு முடிந்ததும் பின்னால் இருக்கும் பெட்டியையும் நிறுத்தவும்." அதன் அடியில் வேறு யாரோ பென்சிலால் நடுங்கிய எழுத்தில் எழுதியிருந்தார்கள்: "முழுக்கக் கேட்ட பிறகு."